ஆறு லட்சம் ரூபாயை எங்கே போடுவது?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை. தோல் வியாபாரத்தில் வந்த பணம். எச்.ஐ.வி. தடுப்புக்கென்று வருஷத்துக்கு ஆறு லட்சம் ரூபாய், மூன்று வருஷத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதை எப்படிச் செலவழிக்கலாம் என்று கேட்டு அதன் பெரியவர் பாய் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். நான் பத்தொன்பது வருஷம், எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்த்தவள். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் ஆறு யோசனைகள். "எல்லாமே நல்ல காரியந்தான் மேடம். எதைச் செஞ்சா பிரயோஜனம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். டீ ஆறிப்போகும்வரை பேசியும் முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். குடியாத்தத்திலோ ராணிப்பேட்டையிலோ இதே கேள்வியோடு யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

ஒன்றோடொன்று ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. என்னுடையது 1986-இல் இருந்து வருகிறது.

அந்த வருஷம் பிப்ரவரியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த நிர்மலா, பாலியல் தொழிலாளிகளிடம் எடுத்த ரத்த மாதிரிகளோடு ராத்திரி ரயில் ஏறி காட்பாடியில் வந்து இறங்கினார். அவருக்கு வழிகாட்டியவர் சுனீதி சாலமன். சோதனை செய்யும் வசதி அப்போது சென்னையில் இல்லை, நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தது, ஜேக்கப் ஜான் நடத்திய வைரஸ் ஆய்வுக்கூடத்தில். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு தெரிந்துகொண்டது அப்படித்தான். வேலூர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் கதையின் இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. விஞ்ஞானம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அடுத்து வந்த அரசு நடவடிக்கை அந்தப் பெண்களையே நோயாகப் பார்த்தது. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சில பெண்களைக் காப்பகத்தை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே அவர்கள் விடுதலையானார்கள். அந்தச் செய்தி பரவியபோது தெருவில் நின்ற மற்ற பெண்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? ஊசி குத்திக்கொண்டால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்றுதான்.

ஆகவே எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது வந்தால் ஆட்கள் முன்னே வருவார்களா, இன்னும் உள்ளே ஒளிவார்களா?

தமிழ்நாட்டைக் குறை சொல்வதற்காக இதை இழுக்கவில்லை. எய்ட்ஸ் தடுப்புக்கென்று தனிச் சங்கம் அமைத்த முதல் மாநிலம் இது, 1994-இல். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாரத்துக்கு வாரம் சாவுச் செய்தி வரும். ஓய்வு பெற்றபோது, நான் மருந்து ஆரம்பித்துவைத்தவர்கள் பேரப்பிள்ளைக்குக் காது குத்து என்று பத்திரிகை நீட்டினார்கள். மிச்சம் இருப்பவர்கள் யார் என்பதுதான் இப்போதைய கேள்வி. எளிதாக எட்டக்கூடியவர்களை எட்டியாகிவிட்டது.

இனி பாயின் தாள்.

முதலில் எழுதியிருந்தது மாபெரும் இலவசப் பரிசோதனை முகாம். கல்யாண மண்டபம், பந்தல், மேடை, பொன்னாடை. கமிட்டியில் பாதிப் பேருக்கு இதுதான் பிடித்திருக்கிறது, போட்டோ வரும். இப்படிப்பட்ட முகாம்களில் நான் எத்தனையோ நாள் விரல் நுனியில் ஊசி குத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் சர்க்கரை பார்க்க வந்த பெரியவர்கள், முட்டிவலிப் பாட்டிகள், கண்ணாடி தருவார்கள் என்று நம்பி வந்தவர்கள். அபாயத்தில் இருக்கிறவர் பட்டப்பகலில் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் எச்.ஐ.வி. என்று எழுதிய பேனருக்குக் கீழே வரிசையில் நிற்கமாட்டார். ஒருமுறை அப்படி ஒரு முகாமில் ஒரு பெண்ணுக்கு முதல் சோதனையில் கோடு விழுந்தது. முதல் கோடு தீர்ப்பல்ல. மூன்று வெவ்வேறு கிட் போட்டுப் பார்த்த பிறகுதான் பாசிட்டிவ் என்று சொல்லலாம். அதைச் சொல்வதற்கு ஒரு மறைவான இடம் தேடினேன். மணமகள் அறையில் அண்டா அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டதை நாலு பேர் பார்த்தார்கள், அதுவே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. அவள் உறுதிச் சோதனைக்கு வரவேயில்லை.

முகாமை ஷூ கம்பெனிக்குள்ளேயே வைத்துவிடலாம், ஆயிரம் பெண்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று பாய் சொன்னார். இது அதைவிட மோசம். 2017-இல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே விடக் கூடாது, வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்கிறது. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று "போ, போய்ப் பாத்துக்க" என்று சொல்லும் இடத்தில் சம்மதம் என்பது வெறும் கையெழுத்து. அதே சட்டப்படி நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். அறக்கட்டளையில் இருக்கும் முதலாளிகள் தங்கள் கம்பெனிகளில் அதை முதலில் செய்யட்டும். அதற்கு ஆறு லட்சத்தில் ஒரு பைசா வேண்டாம்.

இரண்டாவது யோசனை, சுவர் விளம்பரமும் பெரிய போர்டுகளும். இதில் நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. 2000-களின் தொடக்கத்தில் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று மாநிலம் முழுக்க ஒரு கேள்வி தொங்கியது ஞாபகம் இருக்கும். யாருக்குத்தான் தெரியாது? ராஜா என்று பெயர் வைத்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு தனி. நோயின் பெயரை ஊருக்கெல்லாம் தெரியவைத்த வகையில் அது ஜெயித்தது. அந்த வேலை அப்போதே முடிந்துவிட்டது. சுவரில் எழுதுவதானால் 1097 என்ற இலவச உதவி எண்ணை பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற இடம் அதுதான்.

கல்லூரிகளில் ஒழுக்கச் சொற்பொழிவு என்பது மூன்றாவது. கமிட்டியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இதில் பிடிவாதமாக இருக்கிறாராம். அவரை மதிக்கிறேன், ஆனால் இது ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்துத் தோற்ற விஷயம். அமெரிக்கா 2003-இல் வெளிநாட்டு எய்ட்ஸ் உதவிக்குச் சட்டம் போட்டபோது, தடுப்புப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை 'கல்யாணம்வரை கட்டுப்பாடு' என்ற போதனைக்கு ஒதுக்கியது. ஆப்பிரிக்க நாடுகளில் அந்த வகையில் 140 கோடி டாலர் கரைந்தது. 2016-இல் 22 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள், பணம் வாங்கிய நாட்டுக்கும் வாங்காத நாட்டுக்கும் மக்கள் நடத்தையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்றார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? என் அறைக்கு வந்து அழுத பெண்களில் கணக்கில்லாத பேர் கல்யாணத்தைத் தவிர வேறெதையும் அறியாதவர்கள். கட்டுப்பாடாக இருந்தார்கள், கழுத்தை நீட்டினார்கள், கர்ப்பமானதும் செய்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு அந்த ஆசிரியர் என்ன சொற்பொழிவு ஆற்றுவார்? கல்லூரிகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கென்று செஞ்சுருள் சங்கங்கள் இருக்கின்றன. டிசம்பர் 1 அன்று உறுதிமொழி எடுப்பதோடு நிற்காமல், ஆணுறை எப்படிப் போடுவது, எங்கே போய்ச் சோதித்துக்கொள்வது என்று அங்கே பேசவைத்தால் போதும். அதற்குத் துணிச்சல்தான் செலவு.

நாலாவதாக இருந்த நடமாடும் வண்டியில் எனக்கே ஆசை இருந்தது, மறைக்க வேண்டாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நம் மாவட்டத்தின் முதுகெலும்பு. லாரி ஓட்டுநர்களுக்கான வேலை இங்கே நிறைய நடந்தது. ஆந்திர எல்லையில் கிறிஸ்டியான்பேட்டைப் பக்கம் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். டிரைவரும் கிளீனரும் பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஆட்கள் ஆணுறையும் நோட்டீஸும் எடுத்துக்கொண்டு போனால் கேட்க ஆள் இருக்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போயின. 2021-இல் ஃபாஸ்டேக் கட்டாயமானது, பள்ளிகொண்டா டோல்கேட்டில் காத்திருப்பும் போயிற்று. வண்டி வாங்கலாமா என்று பழைய பழக்கத்தில் ஒரு டிரைவரிடம் கேட்டேன். "இன்னாக்கா பேசறே? இப்ப எவன் நின்னுக்கினு கீறான் டோல்கேட்ல? கொடவுனாண்ட போனாத்தான் ஆளைப் பாப்பே" என்று சிரித்தார். பாலியல் தொழிலும் அப்படித்தான். பேருந்து நிலையத்திலும் லாட்ஜ் வாசலிலும் இருந்தது கைப்பேசிக்குள் போய்விட்டது. ஹாட்ஸ்பாட் என்று வரைபடத்தில் புள்ளி வைத்த இடங்களில் இப்போது டீக்கடைதான் இருக்கிறது. வண்டி வாங்கினால் டீசல், டிரைவர், இன்சூரன்ஸ் என்று முதல் வருஷமே பணம் தீர்ந்துவிடும், போய் நிறுத்த இடம் இருக்காது.

ஐந்தாவதை எழுதியவர் பாயின் பேரன், மருத்துவம் படிக்கிறார். தடுப்பு மாத்திரை. இதைக் கமிட்டியில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை என்றார் பாய். நோய் இல்லாதவர், வராமல் இருக்கத் தினமும் போட்டுக்கொள்வது இது. டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபைனும் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்கா 2012-இல் அனுமதி தந்தது, உலக சுகாதார நிறுவனம் 2015-இல் எல்லா நாட்டுக்கும் பரிந்துரைத்தது, நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது 2022-இல். இந்தப் பத்து வருஷத் தாமதத்துக்கு நாட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மாத்திரையைத் தயாரித்து உலகத்துக்கே அனுப்புவது நம் கம்பெனிகள் என்பதுதான் இதில் வேடிக்கை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியும் வந்திருக்கிறது. 2024-இல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா பெண்களிடம் நடந்த ஆய்வில், அந்த ஊசி போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. பேரன் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். ஆனால் மாத்திரை தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், சிறுநீரகம் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும். டாக்டர் இல்லாமல் அறக்கட்டளை விநியோகம் செய்யக்கூடிய பொருள் அல்ல. வேண்டும் என்று கேட்பவரை டாக்டரிடம் கூட்டிப் போக ஆள் வைக்கலாம். அந்த ஆள்தான் ஆறாவது யோசனை.

தாளின் கடைசியில், பென்சிலில், யாரோ அரைமனதாக எழுதியிருந்தார்கள்: களப்பணியாளர் சம்பளம். என் ஓட்டு இதற்கு.

ஒரு திருநங்கையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர் எங்கள் மையத்துக்கு ஆட்களைக் கூட்டி வருவார். மாலை ஏழு மணிக்குமேல்தான் அவருடைய நாள் தொடங்கும். நம்பிக்கை மையமோ சாயங்காலத்துக்குள் பூட்டிவிடும். முந்தின ராத்திரி பேசிவைத்து, காலையில் தூக்கக் கலக்கத்தோடு அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். ஓ.பி. சீட்டு வரிசையில் ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா என்று காவலாளி முறைத்தால், பதில் சொல்ல அவர் இருப்பார். ஊசி குத்தும்போது தோளைப் பிடித்துக்கொள்வார். முடிவு எதுவானாலும் வெளியே கூட்டிப்போய் இட்லி வாங்கித் தருவார். இட்லிக்கு எந்தத் திட்டத்திலும் பணம் இல்லை. நான் வாங்கிய பயிற்சிச் சான்றிதழ்களை எல்லாம் சேர்த்தாலும் அவருடைய ஒரு ராத்திரிப் பேச்சுக்கு ஈடாகாது. கொல்கத்தா சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா 1992-இல் தொடங்கிய வேலையின் உயிரும் இதுதான். தொழிலில் இருக்கும் பெண்களே மற்றப் பெண்களுக்குச் சொன்னார்கள், பிறகு அமைப்பையே அவர்கள் நடத்தினார்கள்.

அரசுத் திட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆனால் அத்திட்டம் தலைக்கணக்கில் ஓடுகிறது. ஓர் ஊரில் இத்தனை பேர் இருந்தால்தான் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம். வேலூர் நகரம் தேறும். ஆலங்காயத்தில் எட்டுப் பேர், பேரணாம்பட்டில் பன்னிரண்டு பேர் என்று சிதறிக் கிடந்தால் யார் கணக்கிலும் வரமாட்டார்கள். கிராமங்களுக்கென்று லிங்க் வொர்க்கர் திட்டம் வந்தது, அதுவும் எல்லா ஊருக்கும் எட்டவில்லை. மலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அணைக்கட்டு ஒன்றியத்தில் அல்லேரி மலையில் 2023-இல் பாம்பு கடித்த குழந்தையின் உடலை, வண்டி போக ரோடு இல்லாமல் கையில் சுமந்து போனார்கள். பாம்புக்கடிக்கே அந்த நிலை என்றால், பெங்களூரில் கூலி வேலைக்குப் போய்த் திரும்பிய மலையாளிப் பழங்குடிப் பையன் எச்.ஐ.வி. சோதனைக்கு எங்கே போவான்?

இருக்கும் ஏற்பாட்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி என்ற ஏழை நாட்டுப்புறம். அங்கே எச்.ஐ.வி. சோதனை செய்துவந்த ஒரே கிளினிக் 2013-இல் மூடப்பட்டது. போதை ஊசி போடுபவர்களுக்குச் சுத்தமான ஊசி தருவது அந்த மாநிலத்தில் அப்போது சட்டவிரோதம். நாலாயிரம் பேர் வாழும் ஆஸ்டின் என்ற சிற்றூரை மையமாக வைத்து 2015-இல் தொற்று வெடித்தது, பாதிக்கப்பட்டோர் இருநூறைத் தாண்டினார்கள். ஆளுநர் அவசரநிலை அறிவித்து ஊசி தர அனுமதித்தது மார்ச்சில், பரவிய பிறகு. பணக்கார நாடுதான், ஆய்வுக்கூடம் இல்லையா, மருந்து இல்லையா? ஒளிந்து வாழும் மக்களிடம் போய்ப் பேசும் வாசலை மூடிவிட்டார்கள்.

களப்பணியாளர் வழியில் குறை இல்லாமல் இல்லை. ஆளைச் சந்தித்தாயா, எத்தனை ஆணுறை கொடுத்தாய், கையெழுத்து எங்கே என்று பதிவேடு நிரப்பவைத்தே நல்ல ஆட்களை வீணடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் காகிதத்திலேயே ஆணுறை விநியோகம் ஆகும். இன்னொன்று, மூன்று வருஷம் கழித்துப் பணம் நின்றால் அவர்கள் நடுத்தெருவில். சேரும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

பாயின் தாளில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன். பேருந்துக் காசு.

"மேடம், தடுப்புக்குத்தான் பணம், வைத்தியத்துக்கு இல்லை" என்று பாய் தயங்கினார். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், அவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. பார்ட்னர்-2 என்ற ஆய்வில், ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண்–ஆண் இணைகள், ஆணுறை இல்லாமல் 76,000 முறைக்கு மேல் உறவு கொண்டும் ஒரு தொற்றுகூடத் துணையிடமிருந்து வரவில்லை. முடிவு வெளியானது 2019-இல். ஆகவே மருந்து விடாமல் சாப்பிடும் ஒவ்வொருவரும் ஒரு தடுப்புச் சுவர். மருந்தை விட்டவர் சுவரில் விழுந்த ஓட்டை.

மருந்து 2004 ஏப்ரல் முதல் இலவசம். தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அப்போது தொடங்கிய முதல் சில மையங்களில் ஒன்று. இப்போது வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. ஆனால் பேரணாம்பட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கு அடுக்கம்பாறை என்பது ஒரு முழு நாள். விடியற்காலையில் கிளம்பி, வேலூரில் இறங்கி, இன்னொரு பேருந்து மாறி, வரிசையில் நின்று, திரும்ப இருட்டிவிடும். அன்றைக்கு ஆயிரம் பீடிக்கான கூலி போயிற்று. பெண்களுக்குப் பேருந்து இலவசம்தானே என்பார்கள். அது வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸுக்கு, வெளியூர் பஸ்ஸுக்கு இல்லை. ஒரு மாதம் போகமாட்டாள், அடுத்த மாதம் திட்டுவார்கள் என்று பயந்து போகமாட்டாள், மூன்றாவது மாதம் பதிவேட்டில் 'தொடர்பில் இல்லை' என்று எழுதப்படுவாள். போய்ச் சேர்ந்தாலும் மருந்து இருக்க வேண்டும். 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து பாசிட்டிவ் உள்ளவர்கள் டெல்லியில் நாக்கோ அலுவலகத்திலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஒரு மாத மாத்திரைக்குப் பதில் ஒரு வார மாத்திரை தந்தால் அந்தப் பீடிக்காரப் பெண் மாதத்துக்கு நாலு நாள் கூலியை விட வேண்டும்.

நிலையாக மருந்து எடுப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரை ஒன்றாகத் தருவது உண்டு. அவர்களுக்கு நம் பணம் தேவையில்லை. புதிதாகத் தொடங்கியவர்கள், விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் என்று நாற்பது பேரை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

கணக்கு இப்படி. மாதம் பன்னிரண்டாயிரம் வீதம் இரண்டு களப்பணியாளர்கள், ஒருவர் திருநங்கை, ஒருவர் தொழிலில் இருந்த பெண்: வருஷத்துக்கு 2,88,000. அவர்களுடைய போக்குவரத்து, கைப்பேசி, இட்லி: 42,000. நாற்பது பேருக்கு, மாதம் ஒரு பயணம், போகவரவும் சாப்பாட்டுக்கும் கூலி இழப்பில் கொஞ்சமும் சேர்த்து 300 வீதம்: 1,44,000. மிச்சம் 1,26,000. அதைத் தொடாமல் வையுங்கள். மருந்துத் தட்டுப்பாடு வந்தாலும், மூன்றாம் வருஷ முடிவில் அந்த இரண்டு பேர் வேறு வேலை தேடும்வரையிலும் உதவும்.

போன வாரம் பாய் போன் செய்தார். முகாம்காரர்கள் இன்னும் விடவில்லையாம், முதல் வருஷம் முகாம், அடுத்த வருஷம் மற்றது என்று பேரம் நடக்கிறது. அவருடைய கவலை வேறு. "மேடம், ஆடிட்டர் வவுச்சர் கேக்கறார். நாப்பது பேருக்குக் காசு குடுத்தோம்னா பேரு, விலாசம், கையெழுத்து வேணுமாம். எதுக்குக் குடுத்தோம்னும் எழுதணுமாம்."

நாற்பது பெயர்கள் ஓர் ஆம்பூர் அலுவலகத்து ஃபைலில், எச்.ஐ.வி. என்ற தலைப்பின் கீழ். அதை எந்த குமாஸ்தா எப்போது திறந்து பார்ப்பான் என்று யாருக்குத் தெரியும்? எண் மட்டும் போட்டு, பெயர்ப்பட்டியலைப் பூட்டிய இடத்தில் ஒருவர் பொறுப்பில் வைத்து, தலைப்பில் 'மருத்துவப் பயண உதவி' என்று மட்டும் எழுத முடியுமா என்று கேட்கச் சொன்னேன். ஆடிட்டர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அது தீரும்வரை ஒருவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன்.